புளி போட்டு மினுக்கிய ரிவால்வர்

அரை நாள் வேலை முடிந்து பாரிஸ் லா சப்பலில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால், குசினி மேசையில் ரிவால்வர் பளபளவென்று கிடந்தது. வெள்ளிக்கிழமைக்கு மினுக்கிய குத்துவிளக்குக்குப் பக்கத்தில். காலையில் நான் விட்டுப் போனபோது அது கறுப்பு.

"இதுக்கு என்ன செய்தனீர்?"

"கறுப்பாய்க் கறள் பிடிச்சுக் கிடந்தது. விளக்கோடை சேர்த்துப் பழப்புளி போட்டுத் தேய்ச்சனான்," என்றாள் என் மனைவி தில்லைநாயகி. முகத்தில் பெருமை வேறு.

"உமக்கு அறிவிருக்கோ! இரும்புக்கு அந்தக் கறுப்புத்தானே அழகு!"

அது எங்கள் வீட்டுக்காரர் முசே ரொபேரின் சாமான். பாண்டிச்சேரிக்காரர், தபால் வேலையில் ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் வைத்திருந்தது. சுடாது, குண்டைத் தட்டும் ஊசியை எப்போதோ கழற்றியாயிற்று. மங்கிய ஓரங்களை மட்டும் கறுப்பாக்கித் தருகிறேன் என்று நானே கேட்டு வாங்கி வந்தேன். பாரிசுக்கு வெளியே பொண்டியில் மோட்டார் சைக்கிள் கராஜில் வேலை செய்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு காரியமா என்ற திமிர்.

நான்கு மணிக்கு மனிசன் வருவார். ரிவால்வரை எடுத்துக்கொண்டு, நாங்கள் அவர் வீட்டில் குடியிருக்கிறோம் என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரயிலில் மகளிடம் ஒரு மாதத்துக்குப் போகிறார். திங்கட்கிழமை விசா கொடுக்கும் பிறெபெக்சர் கந்தோரில் எனக்கு ரந்தேவு, நேரம் குறித்துத் தந்திருக்கிறார்கள். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் விசா புதுப்பிக்கமாட்டார்கள். இப்போது மணி இரண்டே கால்.

கத்தினேன். கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். பிரான்சில் நான் பட்ட பதினொரு வருஷப் பாட்டை ஒரு புளி உருண்டையால் கழுவி ஊற்றிவிட்டாள் என்றேன். அவள் மிச்சப் புளியை வழித்துக் குப்பையில் போட்டாள்.

எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, கராஜிலிருந்து கொண்டுவந்த கறுப்பேற்றும் மருந்தைப் பஞ்சில் தொட்டுப் பூசினேன். குழலில் பிடித்தது. உருளையில் திட்டுத்திட்டாக வந்தது, தேமல் மாதிரி. துடைத்தேன், திரும்பப் பூசினேன். மூன்றாம் தரம் பூசிக்கொண்டிருக்கும்போது கதவு மணி அடித்தது. மணி மூன்றரை! அவசரமாகத் துணியில் சுற்றினேன்.

"போன்ழூர் தவரத்தினம், முன்னாடியே வந்துட்டேன். டாக்சி கீழ நிக்குது," என்றார் ரொபேர். நின்றபடியே கையெழுத்துப் போட்டார். பொதியைப் பிரிக்கவேயில்லை. "உங்க கைவேலையை நான் பார்க்கணுமா என்ன?" என்று பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கடிதம் என் கையில்.

"அவருக்கு நடந்ததைச் சொல்லேல்லையோ?" என்றாள் தில்லைநாயகி.

"வாயை மூடும்."

"நம்பித் தந்த மனிசனப்பா. ரயிலுக்கை பிரிச்சுப் பார்த்துப்போட்டு என்ன நினைக்கும்?"

சனியன் பிடித்த மனச்சாட்சி! படியில் ஓடி, இரண்டாம் மாடியில் அவரைப் பிடித்தேன். "முசே, பழுதாக்கிப்போட்டம். மனிசி விளக்கு மினுக்கிற மாதிரிப் புளி போட்டிட்டா. மேலாலை நான் பூசி மறைச்சிருக்கிறன்." கடிதத்தையும் நீட்டினேன். "வேணுமெண்டால் திருப்பி எடுங்கோ."

அவர் துணியைப் பிரித்தார். உருளையைப் பெருவிரலால் தடவினார். விரலில் கறுப்பு ஒட்டியது. கீழே டாக்சிக்காரன் ஹார்ன் அடித்தான். அவர் அசையவில்லை.

"அப்பா எங்களை இதைத் தொடக்கூட விட்டதில்லை," என்றார் கடைசியில். "உங்க வீட்டம்மாவை ரொம்பத் திட்டினீங்களா?"

"ஓம்."

"எனக்கும் கோவம் வருது. ஆனா என் பங்கையும் சேர்த்து நீங்களே திட்டித் தீர்த்துட்டீங்க போலிருக்கு."

கடிதத்தை என் சட்டைப்பையில் செருகிவிட்டு இறங்கிப் போனார்.

விசாவுக்கு வழி கிடைத்துவிட்டது. ஆனாலும் தில்லைநாயகியின் முகத்தைப் பார்க்க மேலே ஏற எனக்குக் கால் வரவில்லை.