கிருஷ்ணன்கோவிலில் இறங்கியவள்

மாரிக்கனி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அடுத்த வாரத்துல இருந்து என்னைய சேத்தூர் யூனிட்டுக்கு மாத்திட்டாக, பானு."

ராஜபாளையத்தில் அந்த நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் இருவருக்கும் நான்கு வருடமாக அடுத்தடுத்த மேஜை. பானுப்பிரியா சிரித்து வைத்தாள். ஆனால் மாற்றலை இவளே கேட்டு வாங்கியிருப்பாள், என்னை விட்டுத் தொலையத்தான் வாங்கியிருப்பாள் என்று உள்ளே பட்டது. பட்ட மாத்திரத்தில் அது அவளுக்கு உண்மையாகியும் விட்டது.

பத்து நிமிடத்தில் ராஜினாமா எழுதி மேனேஜர் மேஜையில் வைத்தாள். மாரிக்கனியின் நம்பரை பிளாக் செய்தாள். பாண்டிச்செல்வம் என்று ஒருவன், போனில் பதினைந்து நாள் பழக்கம். திருப்பூருக்கு வந்துவிடு, கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருந்தான். அவனை அழைத்து "இன்னைக்கே வாரேன்" என்றாள். எதிரே வந்த லாரிகளுக்கு ஒதுங்காமல் ஸ்கூட்டியை விரட்டினாள். அந்த வேகத்தில்தான் மூச்சு சீராக வந்தது.

மனநல டாக்டரம்மா அவள் நோய்க்கு, ஒரு நொடியில் மனம் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் புரளும் அந்தக் கோளாறுக்கு, 'பார்டர்லைன்' என்று பெயர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. "மனசு கொதிக்கிற நேரத்துல முடிவெடுக்காதீங்க. நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு, கொஞ்ச நேரம் பொறுங்க" என்றிருந்தார். அந்த ஒருத்தர் யார் என்று கேட்டதற்கு பானுப்பிரியா மாரிக்கனியைத்தான் சொல்லியிருந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் ஸ்கூட்டியை விட்டுவிட்டு, திருப்பூர் போக அவனோடு மதுரை பஸ்ஸில் ஏறினாள். இவள் பேசப் பேச அவன் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"யாரு?"

"உனக்கெதுக்கு அது?" என்றான், தலை நிமிராமல்.

இவன்தான் எல்லாம் என்றிருந்த மனம் அந்தக் கணமே அவனை வெறுத்தது. கிருஷ்ணன்கோவிலில் பஸ் நின்றதும் பையைக்கூட எடுக்காமல் இறங்கிவிட்டாள். புத்தி வந்து இறங்கவில்லை. ஏறச் செய்த அதே கொதிப்புதான் இறக்கியும் விட்டது. அது தெரிந்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

வெயிலில் வெகுநேரம் நின்றாள். பிளாக்கை எடுத்துவிட்டு மாரிக்கனியை அழைத்தாள்.

"எங்கட்டி இருக்க? எம்புட்டு நேரமா தேடுதேன்!"

"கிருஷ்ணன்கோவில்ல. நீ என்னைய விட்டுட்டுப் போறியேன்னு..."

"சேத்தூருக்குத்தானட்டி போறேன்? பஸ்ஸுல அரை மணி நேரம். அங்ஙனயே நில்லு, வாரேன்."

மாரிக்கனி வந்தாள். திட்டவில்லை. சோடா வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்றாள்.

மறுநாள் பானுப்பிரியா ராஜினாமாவைத் திருப்பிக் கேட்டுப் போனாள். மேனேஜர் மனம் இறங்கவில்லை. "இது மூணாவது தடவைம்மா. முன்னாடி ரெண்டையும் நான்தான் கிழிச்சுப் போட்டேன்" என்றார்.

மறு திங்கட்கிழமை மாரிக்கனி சேத்தூருக்குப் போனாள். பானுப்பிரியா தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார்ந்தாள். என்ன நடந்தது என்று டாக்டரம்மா கேட்டார். வழக்கமாக அடுத்தவர்களைக் குறை சொல்லித்தான் தொடங்குவாள்.

"வேலை போயிருச்சு டாக்டர். நானேதான் விட்டேன்" என்றாள்.