தூசியோடு மல்லுக்கட்டு

மூன்றாவது முறையும் துணி பழுப்பாகத்தான் வந்தது. டிரெய்லரின் கட்டில்மேல் நான் விரித்துவைத்த வெள்ளைத் துணி. கல்குவாரிப் பாதையில் எட்டே கிலோமீட்டர் இழுத்துவிட்டு வந்து கதவைத் திறந்தால், விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. வந்த ஆத்திரத்தில் டிரெய்லரை ஒரு உதை விட்டேன். வலித்தது எனக்குத்தான்.

சின்ன டிரெய்லர்தான். இரண்டு பேர் படுக்கலாம், பின்கதவைத் தூக்கினால் அடுப்பு, அடியில் மேடுபள்ளம் தாங்கும் தடித்த ஸ்பிரிங். ஜீப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ரோடே இல்லாத இடத்துக்கெல்லாம் போய் வந்திருக்கிறோம். என் கணவர் நில அளவையாளர். வீட்டில் அவருக்கு அளவுக்காரர் என்று பெயர். நான் ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கிறவள் என்பதால் எனக்கு மெக்கானிக். சக்கர பேரிங்குக்கு கிரீஸ் வைப்பது, பிரேக் பார்ப்பது, கொக்கியை முடுக்குவது எல்லாம் என் தலையில். வழி சொல்வது மட்டும்தான் அந்தத் துரையின் வேலை.

பிறகு அவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வயிற்றில் ஒரு குழாய் வைத்தார்கள். அதன் வழியாக நாளுக்கு நான்கு முறை பழைய நீரை வடித்துவிட்டு, பையிலிருந்து புது மருந்துநீரை ஏற்ற வேண்டும். வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் குழாயை மாட்டும் நேரத்தில் துளி அழுக்கு போனாலும் வயிற்றுக்குள் தொற்று வந்து ஆளையே கொண்டுபோய்விடும். அதனால் ஜன்னலை மூடி, ஃபேனை நிறுத்தி, முகமூடி கட்டி, எங்கள் படுக்கையறையில்தான் எல்லாம். இரண்டு வருடமாக அந்த அறையிலிருந்து அவர் நாலு மணி நேரத்துக்கு மேல் விலகிப் போனதில்லை. முதலில் முணுமுணுத்தார். அப்புறம் அதுவும் நின்றது. ஒருநாள் தன்னுடைய வரைபடங்களையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். நோய்க்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. அந்தக் கட்டைப் பார்த்துப் பயந்தேன். இந்த மனுஷரை வெளியே கூட்டிப்போகாமல் விடமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

டயாலிசிஸ் சிஸ்டரிடம் போய், டிரெய்லருக்குள்ளேயே பை மாற்றலாமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"தூசி வராதுன்னு காட்டுங்க அக்கா. டாக்டர்கிட்ட நான் பேசறேன்."

வெள்ளைத் துணி அவருடைய யோசனை. மண்பாதையில் ஓட்டிய பிறகும் துணி வெளுப்பாகவே இருந்தால் இரண்டு இரவுக்கு அனுமதி கிடைக்கும்.

இதெல்லாம் நமக்கு ஜுஜுபி என்று நினைத்தேன். ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர் மாற்றி மாற்றியே என் கைரேகை தேய்ந்திருக்கிறது. இடுக்கில் காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்ப்பேன். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் சரியில்லை. டிரெய்லரில் ஓர் இடத்தில்கூடக் காகிதம் அசையவில்லை. ஒயர் நுழையும் துளை, திருகாணி, தரை மூலை என்று ஒன்றுவிடாமல் சிலிக்கான் பசை வைத்து அடைத்தேன். மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. அப்படியும் புழுதி.

"விட்டுடு மெக்கானிக். நான் ஒண்ணும் கேக்கலையே," என்றார் அளவுக்காரர்.

அவர் கேட்காததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு குவாரிப் பாதையில் ஜீப்பை அவரிடம் கொடுத்து, மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்று பத்து தடவை சொல்லிவிட்டு, முகமூடி கட்டிக்கொண்டு டிரெய்லருக்குள் உட்கார்ந்தேன். கதவோரமும் ஜன்னலோரமும் தையல் நூல் துண்டுகளை ஒட்டியிருந்தேன். வண்டி நகர்ந்ததும் நூல்கள் எல்லாம் உள்பக்கமாகப் பறந்தன. நின்றதும் தொங்கின. அப்போதுதான் புரிந்தது. ஓடுகிற ஓட்டத்தில் உள்ளேயிருக்கும் காற்று வெளியே உறிஞ்சப்படுகிறது. அந்த இடத்தை நிரப்ப, மயிரிழை இடுக்கு கிடைத்தாலும் வெளிக்காற்று புழுதியோடு புகுந்துவிடுகிறது. ஃப்ரிட்ஜ் நின்ற இடத்தில் நிற்கும், இது ஓடும். இந்த வித்தியாசம் மூன்று மாதமாக என் மரமண்டையில் ஏறவில்லை.

இனி அடைத்துப் பிரயோஜனமில்லை, திறக்க வேண்டும். புழுதி எட்டாத கூரையில், முன்னோக்கி ஒரு வாய் வைத்து ஃபில்டர் மாட்டினால், ஓடும்போது நல்ல காற்று உள்ளே நெருக்கிக்கொண்டு நிற்கும். இடுக்குகளில் காற்று வெளியேறுமே தவிர உள்ளே வராது. டிரில்லோடு கூரைமேல் ஏறியபோது அளவுக்காரர் வந்து கீழே நின்றார்.

"மூணு மாசமா அடைச்சிட்டு, இப்ப ஓட்டை போடறியா? உனக்கென்ன பைத்தியமா?"

அவர் கேட்டதும் நியாயம்தான். கணக்கு தப்பினால் புழுதியோடு மழையும் உள்ளே கொட்டும்.

"திட்டறதை அப்புறம் திட்டுங்க. இப்ப அளவு சொல்லுங்க," என்றேன்.

விருட்டென்று உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். டேப்பும் பென்சிலுமாகத் திரும்பி வந்து, ஏணியில் ஏறி, கூரையில் நடுக்கோடு பிடித்து, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் சதுரம் போட்டுக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் அவர் அளந்த முதல் அளவு அது. அந்தக் கோட்டின்மேலேயே டிரில்லை வைத்து அழுத்தினேன்.

நான்காவது துணியை சிஸ்டர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனார். இரண்டு இரவுக்கு அனுமதி கிடைத்தது.

நான்கு நாளுக்கான பதினாறு பைகளை ஏற்றினேன். இரண்டு நாள் தேவைக்கு. இரண்டு நாள், எங்காவது மாட்டிக்கொண்டால் என்று. ஆள் அரவமில்லாத மேட்டுநிலத்தில் டிரெய்லரை நிறுத்தி, கையை முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவி, வீட்டில் செய்த மாதிரியே ஒவ்வொரு முறையும் பை மாற்றினோம். தொற்று உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் எடுக்கும். அதனால் அந்த இரண்டு இரவும் நான் சரியாகத் தூங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, வடிந்த பையை மடிப்பு மேசைமேல் வைத்தேன். நீர் கலங்கியிருந்தால் தொற்று. பைக்கு அடியில் அச்செழுத்தை வைத்துப் படிக்க முடிந்தால் பயமில்லை. பழைய செய்தித்தாள் ஒன்றை அடியில் நுழைத்துவிட்டு, நான் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் படிக்க ஆரம்பித்தார். யாரோ பசுமாடு விற்கிற விளம்பரம். அதன் வயது, நிறம், கறக்கும் அளவு, கடைசியில் தொலைபேசி எண்ணைக்கூட விடாமல் ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

அவர் எழுந்து போய் டிரெய்லர் கதவில் சாய்ந்து நின்றார். மேட்டுநிலம் முடிகிற இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்து, ஒன்று வீட்டுப் பக்கமும் இன்னொன்று மலைப் பக்கமும் போனது.

"பை இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டார்.

"எட்டு."

அவர் மலைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு அவசரத்துக்கு. அதைத் தொடக் கூடாது. சிஸ்டர்கிட்ட நான் பேசறேன், அவங்க வேணாம்னா நேரா வீடுதான்," என்று போனை எடுத்தேன். "சரின்னா மீதி நாலும், ஒரு முழு நாள், உங்களுக்கு. வழி சொல்லுங்க."