வத்தலக்குண்டு போற நேரம்

கிதர் முகம்மதுவுக்கு வாய் கொஞ்சம் நீளம். யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்த தம்பி ஜெகபர் அலி, போன பெருநாளைக்கு விமானத்தில் வந்து இறங்கியதிலிருந்து திண்டுக்கல் தோல் மண்டித் தெருவில் கிதரைப் பிடிக்க முடியவில்லை. "பலாலியில ஏறுனா திருச்சியில எறங்கிரலாம்ப்பா. நூத்திச் சொச்சம் மைலு, பாதி கடலு. நீங்க வத்தலக்குண்டுக்கு பஸ்ஸுல போற நேரந்தான்!" என்று கேட்டவனிடமும் சொன்னான், கேட்காதவனிடமும் சொன்னான். அம்மா சைதூனிடம் நூறு தடவை சொல்லியிருப்பான்.

அந்தப் பேச்சு திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது?

ஐப்பசி மழை கொட்டிய ஒரு விடிகாலையில் அத்தா மைதீன் பிச்சை மௌத்தானார். கடைசி இரண்டு நாளும் "சின்னவன் வந்துட்டானா?" என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சில்லை. அத்தாவுக்கு முடியவில்லை என்று முந்தின நாளே தம்பிக்குத் தந்தி போயிருந்தது. காலை விமானத்தில் கிளம்புகிறேன் என்று பதிலும் வந்துவிட்டது. "அவன் வந்து மொகம் பாக்காம எடுக்கக் கூடாது" என்று அம்மா மையத்தின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

மதியம் லுஹருக்கு எடுப்பதாக இருந்ததை மாலை அஸருக்குத் தள்ளினார்கள். தெருவில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா நிமிர்ந்தாள்.

"வத்தலக்குண்டு போற நேரந்தானேடா? நீதானே சொன்ன?"

"திருச்சியிலேருந்து கார்ல வரணும்லம்மா. மழை வேற."

அஸர் தொழுகையும் முடிந்தது. தாய்மாமன் அப்துல் வாஹித் கிதரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏலே, இன்னும் எம்புட்டு நேரம்டா வச்சிருக்கிறது? தோண்டுன குழியில தண்ணி ஊறுது. இருட்டுறதுக்குள்ள அடக்கிறணும். மூத்தவன் நீ, சொல்லு."

கிதர் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தான். சிறுமலைப் பக்கம் வானம் கும்மென்று இருட்டிக் கிடந்தது. ரயில் என்றால் ஸ்டேஷனில் போய்க் கேட்கலாம். பஸ் என்றால் எதிரே வருகிற டிரைவரை நிறுத்தி விசாரிக்கலாம். ஆகாயத்தில் வருகிறவனை யாரிடம் போய்க் கேட்பது? அட, என்ன கொடுமை இது!

"எடுத்துரலாம் மாமு" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது மண்டிக் கணக்கர் மழையில் ஓடிவந்தார். மண்டி போனுக்கு மெட்ராஸிலிருந்து டிரங்க் கால், தம்பி கூப்பிடுகிறானாம். கிதர் விழுந்தடித்து ஓடிப்போய் எடுத்தான்.

"அண்ணே, திருச்சிக்கு மேலயே சுத்திச் சுத்தி வந்துச்சுண்ணே. மழையில எறங்க முடியலன்னு மெட்ராஸுக்குக் கொண்டாந்துட்டாங்க. காலையிலேருந்து லைன் கேட்டு இப்பத்தான் கெடச்சுச்சு. ராத்திரி ரயில் ஏறி விடிய வந்துர்றேன். அத்தா காதுல சொல்லுங்கண்ணே. செத்த நேரம் பொறுத்துக்கிறச் சொல்லுங்க."

போனைப் பிடித்திருந்த கையெல்லாம் மையவாடி மண். "தம்பி..." என்றான் கிதர். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. ஹலோ ஹலோ என்று கத்திப் பார்த்தான். மெட்ராஸில் எந்த நம்பரைக் கேட்பது?

வீட்டுக்கு வந்து, தம்பி மெட்ராஸில் இருப்பதை அம்மாவிடம் சொன்னான். அவள் அழவில்லை. விளங்காதவளாக அவன் முகத்தையே பார்த்தாள்.

"அத்தா இங்கதானே இருந்தாக? அவன் எதுக்குடா மெட்ராஸுக்குப் போனான்?"