கட்டிலுக்கடியில் நாலு ஸ்ப்ரிங்

மலர்ச்சாலைக்காரர்கள் சவப்பெட்டியைத் தூக்கி வண்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்தபோது, திவாகரன் தன் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டான்.

"வா தர்ஷி, ஏறு. அம்மாவோட பொடி ஏத்துன வண்டிக்குப் பின்னாலயே போவோம்."

"நான் மாமிகூட வர்றேன்."

"அதுல எங்க ஒக்காருவ? பெட்டிக்குப் பக்கத்துல ஒரு பலகைதான் கெடக்கு. சொந்தக் கார் நிக்கையில..."

"பலகை போதும்ங்க."

தர்ஷிகா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்பக்கமாக ஏறினாள். பெட்டிக்குள் அவளுடைய மாமியார் மூக்காயி பட்டுச்சேலையும் பவுடர் பூசிய முகமுமாகக் கிடந்தாள். நேற்றுக் காலை வீட்டிலேயே உயிர் போயிருந்தது. கலஹாவிலிருந்து கெலிஓயா மலர்ச்சாலைக்குக் கொண்டுவந்து, உடல் கெடாமல் மருந்தடித்து, இப்போது திரும்பக் கொண்டுபோகிறார்கள்.

திவாகரன் காரின் கதவை ஓங்கிச் சாத்துவது கேட்டது. வெள்ளி நிறம், இரண்டே கதவு, தரையோடு தரையாக நிற்கும் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். வாங்கியபோது இவ்வளவு குட்டையாக இல்லை. போன் கடை வைத்து நாலு பேர் மதிக்கிற ஆளானதும், கூட்டாளி அஸ்ஃபரின் கராஜில் விட்டு, இருந்த ஸ்ப்ரிங்குகளைக் கழற்றிவிட்டுக் குட்டை ஸ்ப்ரிங் போட்டுக்கொண்டு வந்தான். ரோட்டோடு ஒட்டிப் போகுமாம், வளைவில் சாயாதாம். எல்லாம் சரிதான். மற்ற வண்டிகளில் பள்ளத்தை ஸ்ப்ரிங் விழுங்கும். இந்த வண்டியில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் விழுங்க வேண்டும். அந்த ஸ்ப்ரிங்குக்கு அமுங்க இடமே கிடையாது. சின்னக் குழியில் சக்கரம் விழுந்தாலும் அடியில் 'டம்' என்று இடிக்கும், அந்த இடி நேரே முதுகெலும்பில் ஏறும்.

மூக்காயியின் முதுகெலும்பில் ஏற்கனவே புற்று இருந்தது.

பேராதனை தாண்டி வண்டி கலஹா ரோட்டில் ஏறியது. மதகு வரும் முன்பே தர்ஷிகாவின் கை தானாக நீண்டு பெட்டியின் விளிம்பைப் பிடித்தது. கண்டி ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில் கதிர்வீச்சு வைத்தியத்துக்கு, ஊர்ப் பேச்சில் கரண்ட் பிடிக்க, போய் வந்த நாளெல்லாம் பழகிய கை. மதகு, அதற்கப்புறம் கோயில் வளைவு, அதற்கப்புறம் பள்ளிக்கூடத்து முன்னால் தார் பெயர்ந்த இடம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் மாமியின் கை வந்து இவள் கையை நெரிக்கும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சேலைத்தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு இருப்பாள். முன்னால் ஸ்டியரிங் பிடித்திருக்கும் மகன் கேட்பான்:

"எப்பிடிம்மா இருக்கு வண்டி?"

தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

"சொகுசா இருக்குய்யா. ஏரோப்ளேன்ல போற மாதிரி இருக்கு."

அவனும் நம்பினான். நம்புவதற்கு அவனுக்கு அவ்வளவு ஆசை.

மதகில் வண்டி ஏறி இறங்கியது. தொட்டிலை ஒருமுறை ஆட்டிவிட்டது போல மெல்ல அசைந்தது, அவ்வளவுதான். பெட்டிக்குள் மாமியின் மடித்து வைத்த கைகூட நகரவில்லை. தர்ஷிகா விளிம்பைப் பிடித்தபடியே இருப்பதைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர் அரூஸ் சொன்னார்:

"பயப்புடாதீங்க தங்கச்சி, பொட்டி ஆடாது. இந்த வண்டிக்கு மெத்துன்னு ஸ்ப்ரிங் போட்டுத்தான் வச்சீக்கி. பொடி குலுங்கினா ஊட்டாக்கள் ஏசுவாங்களே."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். தர்ஷிகா விளிம்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள். செத்தவளுக்கு வலிக்கக் கூடாதாம்! இந்த வண்டியில் ஒரே ஒரு நாள், உயிரோடு ஒரே ஒரு நாள் இந்தக் கிழவி போயிருக்கக் கூடாதா?

தர்ஷிகாவும் அப்போது சும்மா இருக்கவில்லை. சீட்டில் மெத்தை போட்டுப் பார்த்தாள், தலையணை போட்டுப் பார்த்தாள். அடியிலிருந்து வரும் இடிக்குத் தலையணை என்ன செய்யும்? ஒருநாள் வாய்விட்டே கேட்டாள்.

"மாமிக்கு ரொம்ப நோவுதுங்க. ஒரு வேன் புடிப்போமே."

"வாசல்ல சொந்தக் கார் நிக்குது. ஹயர் வேன்ல அம்மாவ ஏத்தினா ஊர்ல என்னைய என்ன பேசுவாங்க? அம்மாவே சொகுசுன்னுது. ஒனக்குத்தான் என் காரு கண்ணக் குத்துது."

மாமியும் ஒரே ஒரு தடவை கேட்டாள். முற்றத்தில் அவன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, ஏதோ வெற்றிலை கேட்பது போலக் கேட்டாள்.

"தம்பி, கழட்டி வச்சிருக்கியே, அந்தப் பழைய ஸ்ப்ரிங்க மறுபடி மாட்டிவிடுய்யா."

அவன் சிரித்துவிட்டான். "அதப் போட்டா வண்டி ஒசந்து மாடு மாதிரி நிக்கும்மா. சரி சரி, நுவரெலியா சீசன் முடியட்டும். அங்க நாலு கார்க்காரப் பயக வருவானுக, வண்டியப் பாப்பானுக. முடிஞ்சதும் அஸ்ஃபர்கிட்ட விட்டு மாத்திடுறேன்."

சீசன் முடிந்தது. மழையும் வந்தது. பழைய ஸ்ப்ரிங்குகள் உரப்பையில் கட்டியபடி மாமியின் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தன. அதற்குப் பிறகு ஒரு காலையில், பாதிக் கரண்ட் இன்னும் மீதி இருக்கும்போது, மூக்காயி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சொன்னாள்: "எனக்கு வேணாம். போதும். சாமி பாத்துக்கும்."

திவாகரன் கெஞ்சினான், கத்தினான், சாப்பிடாமல் இருந்து பார்த்தான். அவன் கடைக்குப் போன பிறகு மாமி தர்ஷிகாவின் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அந்தக் காருல இனி ஏற முடியாது தாயி. எலும்பு நொறுங்குது. அவன்கிட்ட சொல்லிறாத. ஆசயா வச்சிருக்கான். நான் போற கட்டை. அவன் மனசு ஒடஞ்சிறக் கூடாது. என் மேல சத்தியம்."

நல்ல அம்மா, நல்ல மகன். நடுவில் வாயைக் கட்டிக்கொண்டு நிற்க ஒரு மருமகள்.

பெட்டி வீட்டு வாசலில் இறங்கியது. தோள் கொடுக்க மகனைத் தேடினார்கள். தேயிலைத் தோட்டத்து ரோட்டு ஏற்றத்தில் ஒரு கல் காரின் அடியில் உரசியிருந்தது. திவாகரன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முன்பக்கத்துக்குக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "தம்பி, அம்மாவ எறக்குறாங்க" என்று யாரோ சத்தம் போட்ட பிறகுதான் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து ஓடிவந்தான். வந்ததும் பெட்டிமேல் விழுந்து அழுதான். பொய் அழுகை இல்லை. அதுதான் தர்ஷிகாவுக்குத் தாங்க முடியவில்லை.

வீட்டுக்குள் மாமியின் மெத்தையையும் பாயையும் வெளியே வீசுவதற்காகக் கட்டிலை நகர்த்தினார்கள். மாமியின் தங்கச்சி இரத்தினம்மா மஹய்யாவையிலிருந்து வந்திருந்தாள். உரப்பையைக் காலால் தள்ளி, "இது என்ன கனம் கனக்குது? இதையும் வீசுங்க" என்றாள்.

அழுதுகொண்டிருந்த திவாகரன் தலையைத் தூக்கினான். "அத வீசிறாதீங்க சின்னம்மா. வண்டி விக்கிறப்ப கேப்பாங்க."

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவன் ஒரே கதையைச் சொன்னான். "கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தேன் மாமா. ராணி மாதிரி கார்ல கூட்டிட்டுப் போனேன். கரண்டு வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. நான் என்ன செய்ய?"

"நீ என்ன செய்வ தம்பி. அவ விதி."

"எந்த மகன் இப்பிடிப் பாப்பான்?"

பிளேன்டீ தட்டோடு நின்ற தர்ஷிகாவின் வாய் வரைக்கும் வந்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

எட்டாம் நாள், எட்டுப் படையலன்று, இரத்தினம்மாதான் முன்னால் நின்று எல்லாம் செய்வித்தாள். மாமியின் தலை இருந்த இடத்தில் விளக்கு. வாழையிலையில் தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், கருவாட்டுக் குழம்பு, வெற்றிலை, தேயிலைச் சாயத் தண்ணீர். வெளியில் பந்தலுக்கடியில் உறவுக்காரர்கள் சூடம் காட்டுவதற்காகக் காத்திருந்தார்கள்.

"அக்காவுக்குப் புடிச்சதெல்லாம் வச்சாச்சா?" என்று இரத்தினம்மா கேட்டாள். "ஆசப்பட்டுக் கேட்டுக் கெடைக்காம போனது எதாச்சும் இருந்தா அதையும் வச்சிறணும் தர்ஷி. இல்லாட்டி ஆத்துமா அதையே சுத்திக்கிட்டு நிக்கும்."

மாமி தன் மேல் சத்தியம் வாங்கியிருந்தாள். இனி அந்தச் சத்தியம் யாரை என்ன செய்துவிடும்?

தர்ஷிகா அறைக்குள் போனாள். உரப்பையை இழுத்துக்கொண்டு வருவதற்குள் மூச்சு வாங்கியது. கட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்து, துணியால் துடைத்து, இலைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். துரு ஏறிய நாலு ஸ்ப்ரிங். இடம் போதாமல் வெற்றிலைத் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.

"என்னடி இது இரும்பு?" என்றாள் இரத்தினம்மா.

"மாமி கேட்டது சின்னம்மா."

மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகத் திவாகரன் உள்ளே வந்தான். பந்தலில் இருந்தவர்களும் பின்னாலேயே வந்து கதவடியில் கூடினார்கள். அவன் இலையைப் பார்த்தான், ஸ்ப்ரிங்குகளைப் பார்த்தான்.

"ஏய், உனக்குக் கிறுக்கா? இத எதுக்கு இங்க கொண்டாந்து வச்ச?"

"ஒங்ககிட்டதான கேட்டாங்க. சீசன் முடியட்டும்னு சொன்னீங்க."

"அதுக்கு?"

"கரண்டு வேணாம்னு சொல்லலங்க மாமி. காருதான் வேணாம்னாங்க. எலும்பு நொறுங்குதுன்னு சொன்னாங்க. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என் கையத் தலையில வச்சு சத்தியம் வாங்குனாங்க."

கதவடியில் நின்றவர்களில் ஒருவர் இருமினார். திவாகரன் வாயைத் திறந்தான். "அம்மா சொகுசுன்னுதான..." என்று ஆரம்பித்தான்.

இரத்தினம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சடங்கு தெரியும், அதைச் செய்தாள். தட்டில் சூடத்தைக் கொளுத்தி அவன் கையில் கொடுத்தாள்.

"காட்டு தம்பி. எல்லாத்துக்கும் சேத்துக் காட்டு."

அவன் விளக்குக்குக் காட்டினான். ரொட்டிக்கும் சம்பலுக்கும் காட்டினான். சாயத் தண்ணீருக்குக் காட்டினான். ஸ்ப்ரிங்குகளுக்கு நேரே வந்ததும் கை நின்றுவிட்டது. சூடம் உருகித் தட்டின் விளிம்பு வரை எரிந்தது.

"கை சுடும் தம்பி, தட்டக் கீழ வையி" என்றாள் இரத்தினம்மா.

அவன் வைக்கவில்லை.