மிதவை மாப்பிள்ளை

அவள் அணைக்கட்டில் பொறியாளர். கணவனுக்குக் கப்பலில் வேலை. நடுக்கடலில் மிதக்கும் கருவிகளைப் பழுதுபார்த்து, தண்ணீரின் சூட்டை அளந்து வானிலை நிலையத்துக்கு அனுப்புவான். வருடத்தில் பாதி நாள் வீட்டில் தங்காததால், அவள் பிறந்த வீட்டில் அவனுக்கு 'மிதவை மாப்பிள்ளை' என்றே பெயர்.

மழைக்காலத்துக்கு ஒரு மாதம் முன்பு கப்பலிலிருந்து கூப்பிட்டான்.

"சாப்டியா?"

"ஆச்சு. கடல் எப்படி இருக்கு?"

"புருஷன் எப்படி இருக்கான்னு கேக்காதே!" என்று சிரித்தவன், உடனே குரலை மாற்றிக்கொண்டான். "வழக்கத்தைவிட ரெண்டு டிகிரி சூடு. இப்படி ஆனா மேகமெல்லாம் இங்கேயே திரண்டு இங்கேயே கொட்டிடும். நம்ம பக்கம் மழை குறையலாம். இருக்குற தண்ணியைப் பாத்துச் செலவு பண்ணு."

"நீங்க சொன்னீங்கன்னு மதகை மூட முடியுமா? ஆபீஸ்லேருந்து எழுத்துல வரட்டும்."

மூன்றாம் நாள் வானிலை நிலையத்தின் கடிதம் வந்தது. அதிலும் அதுவேதான். விவசாயிகளிடம் சீக்கிரம் விளையும் பயிரை விதைக்கச் சொல்லிவிட்டு, பாசனத்துக்குப் பாதித் தண்ணீர் மட்டும் திறந்தாள்.

மழைக்காலம் பிறந்ததும் பார்த்தால், மழை அடித்து ஊற்றியது. பத்து நாள் விடவில்லை. விவசாயிகள் சங்கத் தலைவர் சொட்டச் சொட்ட அவள் அறைக்குள் வந்தார்.

"ஏம்மா, வெளிய எட்டிப் பாத்தீங்களா? ஊரே நனையுது, நீங்க மழை வராதுன்னு தண்ணியைப் பூட்டி வெச்சிருக்கீங்க!"

சாயங்காலம் கணவனைப் போனில் பிடித்தாள்.

"உங்க கடல் என்னை நல்லா மாட்டிவிட்டுச்சு."

அவன் கோபப்படவில்லை. "தப்பாவும் போகலாம்மா. பத்து தடவை சூடானா ஏழு தடவைதான் மழை ஏமாத்தியிருக்கு. ஆனா இங்க சூடு இன்னும் இறங்கல. காலைல உனக்காகவே ரெண்டு தடவை அளந்து பாத்தேன்."

அந்த 'உனக்காகவே'வில் அவள் கோபம் கரைந்துபோனது. மதகை அப்படியே விட்டாள்.

பன்னிரண்டாம் நாள் மழை நின்றது. பிறகு நாற்பது நாள் வானம் வெளுத்தே கிடந்தது. பயிர் வாடத் தொடங்கியதும் அவள் மதகுகளைத் திறந்தாள். தேக்கிவைத்த தண்ணீர் கடைமடை வரை ஓடியது. பேச்சைக் கேட்காமல் நீண்ட காலப் பயிர் போட்ட சில வயல்கள் கருகின, மற்றவை பிழைத்தன. வாய்க்கால் கரையில் நின்ற தலைவர் கூச்சத்தோடு, "உங்க வீட்டுக்காரர் வந்தா ஒரு வேளை நம்ம வீட்ல சாப்பிடணும்மா," என்றார்.

அவன் கருத்து இளைத்து வந்துசேர்ந்தான். ஒரு நாள் முழுக்கத் தூங்கி எழுந்து, வயலைப் பார்க்க வேண்டும் என்றான். வாய்க்காலோரம் நடக்கும்போது குனிந்து தண்ணீரில் கைவைத்தான்.

"எத்தனை டிகிரிங்க?" என்று சீண்டினாள்.

"தெரியல. ஜில்லுன்னு இருக்கு," என்றவன், அவள் கையையும் இழுத்துத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டான்.