பக்கத்துக் கட்டில்

“அம்மா, சாமிக்கு ஒன் மேல என்ன கோவம்? மத்தவங்கல்லாம் மூணு நாள்ல உள்ள வந்துடறாங்க. நீ மட்டும் ஏன் எப்பவும் வெளியவே ஒக்காந்திருக்கே?”

மகள் ரமணி ஒருநாள் மாரியாயியிடம் இப்படிக் கேட்டாள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே தொழிலாளர் லயத்தில், வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில், தனித் தட்டும் தனிப் பாயுமாக அவள் ஒதுங்கிக் கிடந்து மாதக்கணக்காகிவிட்டது. உதிரம் நின்றாற்போல் நிற்கும்; மறுநாளே மீண்டும் படும். சமையலையும் பிள்ளையையும் கணவனின் அக்காள் நல்லம்மாள்தான் பார்த்துக்கொண்டாள்.

பிள்ளையின் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்தாள். அவள் சொன்னதை நர்ஸ் மிசி தமிழில் சொன்னாள். கர்ப்பப்பை வாயில் புண். கெட்ட வியாதியா என்று அறியத் துளி சதையைக் கிள்ளி அனுப்ப வேண்டும். பிறகு புண்ணைச் சூடு வைத்து ஆற்ற வேண்டும்.

“சூடா? அங்கேயா?” மாரியாயி தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அன்றே அவளை வார்டில் சேர்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில் பிலோமினா படுத்திருந்தாள். கிள்ளான் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள், கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரி. சில நாள் முன்புதான் அவளுக்கும் இதே வைத்தியம் நடந்திருந்தது.

“பயப்படாதே தங்கச்சி. மாட்டுக்குக் குறி போடுற சூடு இல்ல. கால ரெண்டையும் தூக்கிக் கட்டுவாங்க, அதான் வெக்கமா இருக்கும். கிள்ளும்போது சுருக்குங்கும். அப்புறம் தீஞ்ச வாடை வரும். அது நீன்னு நெனைக்காதே. அடுப்புல கருவாடு தீயுதுன்னு நெனச்சுக்கோ.”

“கருவாடா!” அழுகைக்கு நடுவிலும் மாரியாயிக்குச் சிரிப்பு வந்தது.

“அடிவயிறு இழுத்துப் பிடிக்கும், சாயந்தரம் கொறஞ்சிடும். கொஞ்ச நாளு தண்ணியா படும், நாத்தமடிக்கும், கறுப்பா பொருக்கு விழும். அதுக்கெல்லாம் பதறாதே. பச்சை ரத்தம் கொட்டுனா மட்டும் ஓடி வந்துடு. கொடம் தூக்காதே. புண்ணு ஆறுற வரைக்கும் புருசனையும் தள்ளி வையி.”

எல்லாம் சொன்னபடியே நடந்தது. “ஜாங்ஙான் தாக்குட், பயப்படாதே” என்று டாக்டரம்மா மலாயிலும் அரைகுறைத் தமிழிலும் சொல்லிக்கொண்டே வேலையை முடித்தாள். கட்டிலுக்குத் திரும்பிய மாரியாயிக்குத் தலை சுற்றியது; எழ முடியவில்லை. கறைத் துணிகள் தகரத் தட்டில் குவிந்தன. பிலோமினா மெல்ல எழுந்து அதைக் கையில் எடுத்தாள்.

“அக்கா, வேணாம். தீட்டுக்கா!”

“எனக்குந்தான் படுது. தீட்டும் தீட்டும் சேந்தா என்னடி ஆகும்? தொவைக்கத்தானே ஆகும். பேசாம படு.”

சொந்த வீட்டில் யாரும் விரல்படத் தொடாத துணி அது. மாரியாயி சுவரைப் பார்த்துத் திரும்பி அழுதாள்.

நாலைந்து நாள் கழித்து வீடு திரும்பியதும் நல்லம்மாள் அண்டா நிறைய வெந்நீர் வைத்தாள். “கர்ப்பப்பை வாயில கை வெச்சாச்சுன்னா அதுவும் பிள்ளைப்பேறுதான். பச்ச ஒடம்பு!” என்றாள். பிள்ளை பெற்றவளுக்குச் செய்வதுபோலவே மிளகும் பூண்டும் போட்டுக் காய மருந்து இடித்துக் கொடுத்தாள். கொதிக்கக் கொதிக்க வெந்நீரை அடிவயிற்றில் அறைந்து ஊற்றினாள். அன்பும் சில வேளை கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வருகிறது. அதைத் தடுக்க மாரியாயிக்கு மனம் வரவில்லை. பொழுது சாய்வதற்குள் பச்சை ரத்தம் பாயை நனைத்தது.

“பாவி, நானே கொன்னுட்டேனே!” என்று நல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். கணவன் சின்னையா ரிக்ஷா பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினான்.

அதே வார்டில், அதே கட்டிலில் கிடத்தி, துணி திணித்து ரத்தத்தை நிறுத்தினார்கள். “அசையாம படுத்திருக்கணும்” என்று மிசி எச்சரித்தாள். பிறகு சிரித்தாள். “ஒன் சதையில கெட்டது ஒண்ணுமில்ல. ஆறிடும்.”

சாமிக்குக் கோபமில்லை என்று பிள்ளையிடம் சொல்லலாம்! “அக்கா, எனக்கு...” என்று பூரிப்போடு பக்கத்துக் கட்டிலைப் பார்த்தவள் பாதியில் நிறுத்தினாள். பிலோமினாவின் முகம் மஞ்சள் பூத்துக் கிடந்தது. அவள் சதையில் இருந்தது கெட்ட வியாதி, வேர் விட்டுவிட்டது என்று மிசி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“ஏன் நிறுத்திட்டே? நல்ல சேதிதானே? சொல்லு தங்கச்சி, நல்ல சேதி கேட்டு ரொம்ப நாளாச்சு.”

மாரியாயி சொன்னாள். “மாதாவே, தோத்திரம்” என்று பிலோமினா மனமாரச் சொன்னாள்.

இரண்டொரு நாளில், ஒரு நண்பகலில், யார் நிறுத்தியும் நிற்காமல் ரத்தம் போய்ப் பிலோமினாவின் மூச்சு அடங்கியது. கிள்ளானிலிருந்து அவள் கணவன் ஸ்டானிஸ்லாஸ் வந்து சேரச் சாயந்தரமாகும். திரையை இழுத்துவிட்டு, பிணவண்டி கொண்டுவர மிசியும் ஆயாவும் போனார்கள். வார்டு முழுவதும் கண் அயர்ந்திருந்தது.

வருகிற மனுசன் இந்தக் கோலத்தையா பார்க்க வேண்டும்?

மாரியாயி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். திரைக்குள் போய், ஈரத்துணியால் பிலோமினாவின் முகத்தையும் கைகளையும் துடைத்தாள். கால்களில் உறைந்திருந்ததைக் கழுவினாள். சிக்கெடுத்துப் பின்னலிட்டாள். அவர்கள் ஜெபம் அவளுக்குத் தெரியாது.

“ஏசுசாமி, இவ என் துணியத் தொவைச்சவ. பாத்துக்கோ” என்றாள்.

வெளியே வண்டிச் சக்கரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அது வந்து சேருமுன் அவள் தன் கட்டிலுக்குத் திரும்பி, அசையாமல் படுத்துக்கொண்டாள்.