முப்பத்தொரு நிமிட அரண்மனை

1996 ஒக்ரோபர் 12, சனிக்கிழமை பின்னேரம், லண்டன் நோர்பரியில் பரமேஸ்வரன் வீட்டு முன்னறையில் இருபத்தாறு பேர் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் வத்சலா பெரியபிள்ளையானதற்கு ஓகஸ்ட்டில் மண்டபம் எடுத்துச் செய்த சடங்கு அது. வேறு ஆட்களின் கையில் நம்பிக்கையில்லாத பரமேஸ்வரன் தன் கமராவிலேயே எடுத்திருந்தார். பிரதி ரொறன்ரோவுக்கு, அவருடைய மூன்று சகோதரிகளுக்கும் போகவேண்டும். அவர்களுக்குக் காட்டவென்றே மனைவி கமலாம்பிகை மாம்பழ நிறப் பட்டுடுத்தி மகளுக்கு ஆலாத்தி எடுத்திருந்தார்.

கமலாம்பிகையின் தம்பி சிவானந்தன் கதவோரம் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தனியாக ஓர் எதிர்பார்ப்பு. லிப்ட் திருத்தும் கொம்பனி செப்ரெம்பரில் அவரைப் பயிற்சிக்குக் கொரியாவுக்கு அனுப்பியபோது அத்தானின் கமராவை இரவல் வாங்கிப் போயிருந்தார். உள்ளேயிருந்த சடங்கு நாடாவில் மிஞ்சிய இடத்தில் சோல் நகரத்து ராசா அரண்மனையை ஒரு முழுக் காலையும் ஆறுதலாகச் சுற்றி எடுத்திருந்தார். சடங்கு முடிய அது வரும், சனம் வாயைப் பிளக்கும் என்று காத்திருந்தார்.

திரையில் தாய்மாமன் சிவானந்தன் தேங்காய் உடைத்தார். ஒரே அடி, சரிபாதி. அறை கைதட்டியது. அடுத்தது ஆலாத்தி. கமலாம்பிகை சோபாவின் நுனிக்கு நகர்ந்தார்.

திரை துடித்தது. பெரிய கல்வாசல் ஒன்று வந்தது.

"வடிவாப் பாருங்கோ," என்றது தொலைக்காட்சிக்குள் சிவானந்தனின் குரல். "ராசா வாற வாசல். நாங்கள் அவசரப்படாமல் உள்ளுக்குப் போவம்."

கதவோரம் நின்ற சிவானந்தன் ரோல்ஸைத் தட்டில் வைத்தார். அரண்மனைக்குப் போக முதல்நாள் இரவு ஹோட்டல் கட்டிலில் கிடந்தபடி, தான் தேங்காய் உடைத்த அழகைப் பார்க்க நாடாவைப் பின்னுக்கு ஓட்டியது ஞாபகம் வந்தது. நாலு தரம் பார்த்தார். திரும்ப முன்னுக்கு ஓட்டியது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

"தம்பி, என்ர ஆலாத்தி எங்கை?"

"இதுக்குப் பின்னாலை இருக்கும் அக்கா."

பின்னால் ஒரு தூண் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"தன்ர தேங்காயை வைச்சுக்கொண்டு எங்கட ஆலாத்தியை அழிச்சுப்போட்டான்," என்றார் அன்றைக்கு ஆலாத்தி எடுத்தவர்களில் ஒருவரான கனகாம்பிகை மாமி.

கமலாம்பிகை நிறுத்த எழும்பினார். பக்கத்து வீட்டுச் சபாரத்தினம் கையை நீட்டி மறித்தார்.

"பொறு பிள்ளை. குளத்துக்கு நடுவிலை உது என்ன மண்டபம்?"

"ராசா விருந்து குடுக்கிற இடம் அண்ணை," என்றார் சிவானந்தன், மெதுவாக. "கீழை நாப்பத்தெட்டுக் கல்தூண்."

"எண்ணிப் பாப்பம்."

எண்ணினார்கள். நாற்பத்தொன்று என்று ஒரு பக்கம், நாற்பத்துநாலு என்று மறுபக்கம். பின்னுக்கு ஓட்டி மறுபடி எண்ணினார்கள். குளிருக்கு நிலத்தின் கீழே நெருப்பெரித்து அறைகளைச் சூடாக்குவார்கள் என்று சிவானந்தனின் குரல் சொன்னபோது, "எங்கட கவுன்சிலுக்கு ஒருக்கா எழுதிக் கேக்கவேணும்," என்றார் மாமி.

முப்பத்தொரு நிமிடம் அரண்மனை. பிறகு மண்டபத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கமலாம்பிகை பன்னிரண்டு நாட்கள் தம்பியோடு பேசவில்லை. பதின்மூன்றாம் நாள் தொலைபேசி அடித்தது.

"ஞாயிற்றுக்கிழமை திரும்ப ஆலாத்தி எடுக்கிறம். வா."

"வத்சலா ஓமெண்டிட்டாளோ?"

"'நோ வே, அம்மா' எண்டு கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறாள். பின்பக்கமா நிண்டு எடுத்தா ஆர் இருந்தாலும் தெரியாதாம், உன்ர அத்தான் சொல்லுறார்."

"அப்ப ஆர் இருக்கிறது?"

"அழிச்சவன்தான்."

ஞாயிற்றுக்கிழமை சிவானந்தன் மருமகளின் சிவப்புப் பட்டுச்சேலையை உடுத்து, பொய்ப்பின்னலில் சடைநாகம் தொங்க, கமராவுக்கு முதுகைக் காட்டி முன்னறையில் இருந்தார். பதினொரு சோடிப் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆலாத்தி எடுத்தார்கள். கனகாம்பிகை மாமியால் அடக்க ஏலவில்லை; அவருடையதை மூன்று தரம் எடுக்கவேண்டியிருந்தது.

நவம்பரில் பிரதி ரொறன்ரோவுக்குப் போனது. டிசம்பர் நடுப்பகுதியில் மூத்த சகோதரி கடிதம் எழுதியிருந்தார். ஆலாத்தி வடிவாக இருந்ததாம். பிள்ளை நல்லாய்ச் சதை வைத்துவிட்டாவாம்.